நிமலனின் கடிதத்தைத் தொடவேண்டாம்

வெம்பிளி,
14.09.1993

அன்புள்ள வசந்தமலருக்கு,

நான் நலம். உமது சுகத்தை, இம்முறை குறிப்பாகக் கைகளின் சுகத்தை அறிய ஆவல்.

வெள்ளிக்கிழமை நான் தபாலில் அனுப்பிய உறையைத் திறக்கவேண்டாம். அதில் கனடாவிலிருந்து நம் மகன் நிமலன் எனக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. தோட்ட வேலையில் தனக்கு அரிப்பைத் தந்த கொடியின் இலையொன்றை அதனுள் வைத்துப் பெயர் கேட்டிருந்தான். இலையை எடுத்துக்கொண்டு கடிதத்தை உமக்கு அனுப்பிவிட்டேன். ஞாயிறன்று என் விரல்கள் இலேசாகக் கொப்பளித்தன.

அறையில் உடனிருக்கும் பாலேந்திரா சிரித்தார்: "தாவரவியல் மாஸ்டர் இலையைக் கையாலயோ பிடிச்சனீங்கள்?"

நூலகத்தில் பார்த்தேன். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் பாய்சன் ஓக் என்ற நச்சுச் செடிக்கு ஓக் மரத்தைப்போல் விளிம்பு வளைந்த இலை. நிமலன் இருக்கும் கிழக்கில் வளர்வது பாய்சன் ஐவி என்ற நச்சுக்கொடி; அவன் அனுப்பிய இலை இதுதான். மூன்று சிற்றிலைகள், நடு இலைக்கு நீண்ட காம்பு. இலண்டனில் சுவரேறும் ஐவி வேறு. நச்சுக்கொடியின் எண்ணெய் காகிதத்தில் மாதக்கணக்கில் தங்குமாம். மாமரக் குடும்பம் அது. மாங்காய்ப் பால் பட்டாலே உமக்கு முகம் வீங்குமே.

உறையைப் பழந்துணியால் எடுத்து முற்றத்தில் குழி தோண்டித் தாட்டுவிடவும். எரிக்கவேண்டாம், புகையும் ஆகாது. ஏற்கெனவே தொட்டிருந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, எனக்கு ஒரு வரியேனும் எழுதவும்.

தபாலை முந்தவே இதைக் கொழும்பு வரும் கிறிஸ்துநாயகத்திடம் கொடுக்கிறேன். அவர் வாசலில் நிற்கிறார்.

ஏழு மாதமாக அவன் கடிதத்துக்குக் காத்திருந்தீர். அவன் எழுதியதை நினைவிலிருந்து எழுதுகிறேன்: "அம்மாவிட்ட சொல்லுங்கோ, குளிருக்குக் கோட்டு வாங்கிட்டன். சோறு நானே காய்ச்சுறன், ரெண்டுதரம்தான் அடிப்பிடிச்சது."

கையெழுத்து மட்டுமே என்னுடையது, பொறுத்துக்கொள்ளவும்.

உமது,
குலசேகரம்