உகாண்டாவுக்கு வழியனுப்பு ஜெபம்

ஞாயிறு இரவு.

ஆக்சிஜன் சிலிண்டருக்கு டெல்லியே அலைந்த வருஷம் செய்த பொருத்தனை இது. ஆஸ்பத்திரியில் மூச்சுவிட முடியாமல் கிடந்த என் மகள் எஸ்தர், பிழைத்தால் ஊழியத்துக்கு வருகிறேன் என்று ஆண்டவரிடம் சொன்னாளாம். பிழைத்தாள். நாளை உகாண்டாவுக்குப் போகிறாள். உலகம் ஆறே நாளில் படைக்கப்பட்டது, மனுஷன் குரங்கிலிருந்து வரவில்லை என்று அங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறாள்.

எனக்கு எழுத்து வராது. போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது.

இன்று எங்கள் மயூர் விஹார் வீட்டில் ஜெபக்கூட்டம். தகப்பன்தான் தலையில் கைவைத்து அனுப்ப வேண்டும் என்று பாஸ்டர் கூப்பிட்டார். கைவைத்தேன். அனுப்பும் ஆண்டவரே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இவள வீட்டுலயே வெச்சிரும்" என்று வந்துவிட்டது.

யாரும் ஆமென் சொல்லவில்லை.

எல்லாரும் போன பிறகு கேட்டாள். "ஏம்பா அப்படிச் சொன்னீங்க?"

"அந்தப் பாடம் சொல்ல அங்க வேற ஆளே இல்லையாம்மா?"

"ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன்பா."

"நானும் அவர்கிட்டதாம்மா சொன்னேன்."

பெட்டியைப் பூட்டினாள்.

அதே வருஷம்தான் அவள் அம்மா போனாள். பெரியவன் போனான். அடுத்த வாரமே சின்னவனும் போனான். எனக்கென்று இன்னும் உயிரோடு இருப்பது எஸ்தர்.