கொலுப்படியில் நிற்கும் பூதங்கள்

வேப்பம்பட்டு
புதன்கிழமை காலை

அன்பு மகள் ரேவதிக்கு அப்பா எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தி பவ்யாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நான் நலம் என்று ஒரு வரியில் எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் விவரமாகவே சொல்கிறேன். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டேன், மூன்று இட்லி சாப்பிட்டேன், இன்று புதன், உன் அம்மா கஸ்தூரி நம்மை விட்டுப் போய் ஒன்பது மாதம் முடிந்து பதினோரு நாள் ஆகிறது. எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. போனில் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் எனக்கு வாய் குழறுகிறது, குழறினால் பாத்தீங்களாப்பா, உங்களுக்குப் பேச்சே சரியில்லை என்கிறாய். அதனால்தான் கையால் எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். கையெழுத்து எங்கேயாவது ஆடியிருக்கிறதா என்று நீயே பார்த்துக்கொள். ஆவடி தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக அரம் பிடித்த கை அம்மா இது.

உன் ரகு மாமா நேற்று வந்திருந்தான். பூந்தமல்லி பக்கம் ஒரு பெரியவர்கள் இல்லம் பார்த்துவிட்டானாம், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டி கொண்டு வருகிறானாம், நீயும் சரி என்று சொல்லிவிட்டாயாம். ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு அலமாரி, வேறு சாமான் எதுவும் கொண்டு வரக் கூடாதாம். அப்புறம் கூடத்தில் நிற்கும் என் பொம்மைகளைக் கைகாட்டி, அத்தான் இந்தக் கண்றாவியெல்லாம் சாக்குல கட்டி வச்சிடுங்க, பழைய பிளாஸ்டிக்காரனுக்குப் போட்டுடலாம் என்றான். அவன் போன பிறகு காபி தம்ளரைக்கூட எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ரேவதி, இந்த வயதில் ஒருத்தர் காலில் விழுவது எனக்குப் பெரிய விஷயம் இல்லை, ஆனால் பெற்ற பெண் காலில் எப்படி விழுவது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

நம் கூடத்துக் கொலுப்படியை எடுத்து உனக்கு அனுப்பிய அந்தப் படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வருஷம் திரும்பாமல் நம் வீட்டில் கொலு வைக்கக் கூடாது, அது எனக்குத் தெரியாதா. அம்மாவின் பொம்மைகள் டிரங்குப் பெட்டியில் துணி சுற்றியபடியே இருக்கின்றன, ஒன்றைக்கூட நான் தொடவில்லை. ஆனால் மகாளய அமாவாசை அன்று ஆங்கிள் இரும்பு எடுத்துப் படிக்கட்டுக்கு போல்ட்டு போடுவது என் வேலை, முப்பது வருஷமாக. கை சும்மா இருக்குமா. ஒன்பது படியையும் பூட்டி, வேட்டி விரித்து, சீரியல் பல்பும் போட்டுவிட்டேன். பிறகு அது வெறுமனே நின்றது. சாமி பொம்மைதானே வைக்கக் கூடாது, என்னிடம் இருப்பது பூதங்களும் டிராகன்களும்தானே, இதில் என்ன தோஷம் வந்துவிடப்போகிறது என்று எண்ணி அவற்றை வரிசையாக நிற்க வைத்தேன். இது நான் செய்த முதல் தப்பு. பல்பு எரிவதைப் பார்த்துவிட்டு நம் வீட்டில் கொலு என்று நினைத்துப் பக்கத்து வீட்டு ரேணுகா இரண்டு பெண்களோடு வந்து நின்றாள். இல்லையம்மா, இந்த வருஷம் கொலு கிடையாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், எனக்காக வேகவைத்த கொண்டைக்கடலையைத் தாளித்துத் தொன்னையில் கொடுத்து உள்ளே உட்காரவும் வைத்தேன். அது இரண்டாவது தப்பு. கேட்பதற்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஒவ்வொன்றின் பெயரும் சொன்னேன். மூன்று தலை டிராகனுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று பெயர், நைட் ஷிப்ட் தலைக்கு மட்டும் கண் பாதி மூடியிருக்கும். பச்சைத் தொந்திக்காரன் எங்கள் கேன்டீன் சூப்பர்வைசர். அந்தப் பெண்கள் சிரிக்கவில்லை. இன்னாண்ணே இது, ஊடு பூரா பேயும் பிசாசுமா கீது, அண்ணி போட்டோவுக்குப் பக்கத்துலயா வக்கிறது என்று ரேணுகா கேட்டுவிட்டுக் கடலையைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள். படம் எப்போது எடுத்தாள் என்றுகூட எனக்குத் தெரியாது. அது ரகுவுக்குப் போய், அவனிடமிருந்து உனக்கு வந்திருக்கிறது. அவள் மேல் கோபம் இல்லை, நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள்.

நீ ஒரு டாக்டரிடம் கேட்டாயாம், அம்மா போன துக்கத்தில் வருகிற கோளாறு என்று அவர் சொன்னாராம். இல்லை ரேவதி. அம்மா போன துக்கம் வேறு, அது எனக்குள் இருக்கிறது, அதற்கு மருந்தும் கிடையாது. இது பிடித்துச் செய்வது. பூந்தமல்லியில் யூசுப் என்று ஒருவன் கடை வைத்திருக்கிறான், விற்காமல் தேங்கிப்போன பொம்மைகள் மூட்டையாக வந்து இறங்கும். அந்தக் குவியலைக் கோணிமேல் கொட்டிக் கிளறும்போது ஒரு வௌவால் இறக்கையோ முள் வாலோ விரலில் தட்டும் பார், அப்போது வருகிற சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. வீட்டுக்குக் கொண்டுவந்து அச்சில் வார்த்தபோது விழுந்த விளிம்புக் கோடுகளை மெல்லிய அரத்தால் தேய்த்து, தளர்ந்த கையை இறுக்கி, உடைந்த கொம்புக்குப் புதுக் கொம்பு வார்த்து, வர்ணம் பூசி நிறுத்தினால், பார்க்கப் பார்க்கத் தெவிட்டுவதில்லை. யாரோ முகம் தெரியாத ஒருவன் உட்கார்ந்து, தவளைக்கு யானைக் கால் வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துச் செய்திருக்கிறான் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. தனியாகச் சிரிக்கிறார் என்று ரேணுகா ரகுவிடம் சொன்னதும் உண்மைதான், இதற்குத்தான் சிரிக்கிறேன். வெள்ளிக்கிழமை யூசுப் தொழுகைக்குப் போகும்போது கடையை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போகிறான். நடந்ததை அவனிடம் சொன்னேன். மெண்டலு கையிலயா நைனா நான் கல்லாவக் குட்த்துட்டுப் போறேன், உம் பொண்ண எனக்குப் போன் போடச் சொல்லு என்றான். அவன் நம்பரைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

கேஸ் அடுப்பு விஷயத்தை நான் மறைக்கப்போவதில்லை. பால் வைத்துவிட்டு வர்ணத்தில் மூழ்கிவிட்டேன், பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் நாற்றம் வந்து ரேணுகாதான் வந்து மூடினாள். அது என் குற்றம். அன்றிலிருந்து கரண்டு அடுப்பில்தான் சமைக்கிறேன், பால் காயும் வரை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். நீ எந்த டாக்டரிடம் போகச் சொன்னாலும் போகிறேன், எந்தப் பரீட்சை வைத்தாலும் எழுதுகிறேன். வீட்டில் கேமரா வேண்டுமானால் மாட்டிக்கொள், அடுப்படியிலும் மாட்டிக்கொள். படிக்கட்டை இன்றைக்கே பிரித்துவிடுகிறேன், பூதங்களைப் பின் அறையில் பீரோவுக்குள் வைத்துக் கதவை மூடிக்கொள்கிறேன், யார் கண்ணிலும் படாது. பாதியைக் கொடுத்துவிடு என்றால் பாதியைக் கொடுக்கிறேன். அந்த இல்லத்துக்கு மட்டும் அனுப்பாதே. ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும் வைத்துக்கொண்டு விடிந்தால் என்ன செய்வேன் ரேவதி, சொல்லு.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. உனக்கு ஆறு வயதில் கொரட்டூர் ஸ்டேஷன் வாசலில் ஒரு ஒற்றைக்கண் ரப்பர் பூதம் வாங்கி வந்தேன். நீ பார்த்ததும் அலறி அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாய். கொரட்டூர் ஏரியில் வீசிவிட்டேன் என்று சொன்னேன், அது நீந்தி வந்துடுமாப்பா, கதவ தாழ் போட்டியாப்பா என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் வீசவில்லை. தொழிற்சாலையில் என் லாக்கருக்குள் இருபத்தைந்து வருஷம் இருந்தது, சாப்பாட்டு வேளையில் கதவைப் பாதி திறந்து பார்த்துக்கொள்வேன். ரிட்டயர் ஆன அன்று மாலையும் கழுத்துமாக வெளியே வரும்போது கேட்டில் பையைத் திறந்து சோதனை போட்டார்கள், டிபன் கேரியருக்கு அடியில் அது இருந்தது. செக்யூரிட்டிக்காரன் எடுத்துக் காட்டி இன்னா பெருசு இது என்று கேட்க, சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பேத்திக்கு என்றேன். பவ்யா அப்போது பிறக்கவே இல்லை. பிடித்த ஒரு பொருளை இத்தனை வருஷம் திருட்டுச் சாமான் போல ஒளித்து வைத்திருந்தேன். இந்த வருஷம்தான் அது மேல் படியில், எல்லாரும் பார்க்கிற மாதிரி நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பவ்யா அதைப் பார்த்துவிட்டு இவன் பேர் என்ன தாத்தா என்று கேட்டாள், நான் சொல்வதற்குள் நீ போனை வாங்கிவிட்டாய். அவளுக்கு இப்போது நீ பயந்தபோது இருந்த அதே வயது. அவள் பயப்படவில்லை.

நீ ரகுவைத் தடுக்காவிட்டால் நான் அவனோடு சண்டை போடமாட்டேன். கொம்பும் வாலும் உடையாமல் ஒவ்வொன்றையும் நானே பேப்பரில் சுற்றிக் கட்டிவைக்கிறேன், பிளாஸ்டிக்காரனுக்குப் போடாமல் யூசுப்பிடம் ஒப்படைக்கச் சொல். அந்த ஒற்றைக்கண்ணனை மட்டும் பையில், டிபன் கேரியருக்கு அடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறுவேன். அங்கேயும் கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்களோ என்னவோ. பார்த்தால் யாருக்கு என்று சொல்வது, அதை மட்டும் நீ எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடு.

குளிர் ஆரம்பித்திருக்கும், பவ்யாவுக்குக் காதை மூடி அனுப்பு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். மூன்று பேரும் நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா படத்துக்கு முன்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே சனிக்கிழமை காலை எட்டு மணி என்றால் உனக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரை. தூங்கிவிடாதே அம்மா, அதற்கு முன்னால் உன் மாமாவுக்கு ஒரு போன் போட்டுவிடு.

உன் பதிலுக்குப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்
அப்பா
நடேசன்