சப்பாத்தோடை மட்டும் நடக்கிற கால்

சரவணை,
புரட்டாதி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பவதாரணிக்கு,

இஞ்சை நானும் கொம்மாவும் நயினை அம்மாளின்ரை புண்ணியத்திலை மூச்சோடை இருக்கிறம், அங்கை நீயும் மருமகன் சசிகரனும் பேத்தி கம்சிகாவும் குளிருக்கை விறைச்சுப் போகாமல் இருக்கிறியள் எண்ட நம்பிக்கையிலை எழுதுறன். போன் கிடக்க ஏன் இந்த மனுசன் கடுதாசி எழுதுது எண்டு யோசிப்பாய். போனிலை நான் வாயைத் திறந்தாலே நீ சிரிக்கிறாய் பிள்ளை. போன மாதம், சங்கத்தாலை அனுப்பின பொய்க்கால் எப்பிடியப்பா எண்டு கேட்டனி. அது கொம்மான்ரை கூறைச்சேலையோடை அலுமாரிக்குள்ளை குடித்தனம் நடத்துது, சோறு தண்ணி கேக்கிறேல்லை, உன்ரை புருசனை விடக் கரைச்சல் குறைவு எண்டு சொன்னனான். நீ விழுந்து விழுந்து சிரிச்சுப்போட்டு சசிகரனையும் கூப்பிட்டுச் சொன்னனி. அது பகிடியில்லை. கால் அலுமாரிக்குள்ளைதான் கிடக்கு. எழுத்திலை எண்டால் நம்புவாய் எண்டுதான் பேனையை எடுத்தனான். பிழை கிடந்தால் திருத்தி வாசி, நான் அஞ்சாம் வகுப்போடை மாட்டுக்குப் பின்னாலை போன ஆள், நீதான் கனடாவிலை ஊர்ச்சங்கத்துக்குச் செயலாளர் அம்மா.

ஊர்ப் புதினம் பெரிசாய் ஒண்டுமில்லை. மழையைக் காணேல்லை. சிவத்தைப் பசு நாம்பன் கண்டு போட்டிருக்கு, கொம்மா அதுக்கு உன்ரை மாமனாரின்ரை பேரை வைச்சுக் கூப்பிடுறா, நான் சொல்லிக் குடுக்கேல்லை, சத்தியமாய். கொம்மாவுக்கு முழங்கால் நோ, எண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொன்னால் என்னைத் தேய்க்கச் சொல்லுறா. உனக்கு ஒடியல்மா காயப்போட்டிருக்கிறா, ஆராவது வந்தால் குடுத்து விடுவா.

இனி விசயத்துக்கு வாறன். மேரிசுகந்தியை வருசக் கடைசியோடை நிப்பாட்டப் போறியள் எண்டு நீங்கள் எழுதினது இஞ்சை எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அந்த ஊர்காவற்றுறைப் பிள்ளையை நீங்கள்தானே சம்பளம் குடுத்து, கால் கை ஏலாத எங்களை வீடு வீடாய்ப் பாக்க விட்டனீங்கள். வெய்யிலோ மழையோ அந்தச் சிவத்த ஸ்கூட்டியிலை வந்து நிக்கும். வந்தவுடனை ஐயா எழும்புங்கோ, ஐயா நடவுங்கோ எண்டு பொலிசுக்காரர் மாதிரி. பிள்ளை, கலியாணம் கட்டினால் உன்ரை மாப்பிள்ளையும் இப்பிடித்தான் எழும்பி நடக்க வேணுமோ எண்டு நான் கேட்டால், முதல் உங்களை நடக்க வைக்கிறன் பிறகு அவரைப் பாப்பம் எண்டு சொல்லும். அவ உங்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினவ, நீங்கள் அனுப்பின காலை ஒருதரும் போடுகினம் இல்லை, அதோடை தந்த சப்பாத்துகளின்ரை அடி இன்னும் வெள்ளையாய்க் கிடக்கு எண்டு. நீங்கள் என்ன செய்தனீங்கள், இஞ்சை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்துக் கேட்டனீங்கள். எல்லாரும் ஓம் ஓம் நல்லாய் நடக்கிறம், உங்களுக்குப் புண்ணியம் எண்டு சொல்லிச்சினம். வெளிநாட்டிலை இருந்து சொந்தக்காரர் அனுப்பின சாமானை அளவில்லை எண்டு எங்கடை ஆக்கள் எப்பவாவது சொன்னவையோ. நீ அனுப்பின குளிர்ச்சட்டையைக் கூட கொம்மா சித்திரை வெய்யிலுக்கை போட்டுக்கொண்டு படம் எடுத்து அனுப்பினவ. உடனை நீங்கள், ஊர் முழுக்க நடக்குது, இந்தப் பிள்ளை பொய் எழுதுது, வேலையும் செய்யிறேல்லை எண்டு முடிவு கட்டிப்போட்டியள்.

நாங்கள் ஏன் போடுறேல்லை எண்டு எங்களுக்கே வடிவாய்த் தெரியாது. அதுதான் உண்மை. எனக்குச் சீனி வருத்தத்திலை இடக்கால் முழங்காலுக்குக் கீழை போனது உனக்குத் தெரியும்தானே. பள்ளிக்கூடத்திலை வைச்சுக் காலையும் வெள்ளைச் சப்பாத்தையும் தந்து படம் எடுத்த அண்டைக்கு நான் மாப்பிள்ளை மாதிரி நடந்தனான். வீட்டை வந்து, வாசலிலை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளை கால் வைச்சால் ஆரோ நெஞ்சிலை பிடிச்சுப் பின்னாலை தள்ளுற மாதிரி. குசினி வாசலிலை மல்லாக்க விழுந்தனான். கொம்மா ஓடி வந்து முதல் பாத்தது பானையைத்தான். எனக்கு வயசு போட்டுது, அதுதான் எண்டு நினைச்சு ஒருதருக்கும் சொல்லாமல் காலை அலுமாரிக்குள்ளை வைச்சனான். மற்றவையும் அப்பிடித்தான் தங்கடை தங்கடை வீட்டிலை விழுந்து, தங்கடை பிழை எண்டு நினைச்சு, கட்டிலுக்குக் கீழை வைச்சிருக்கினம். சுகந்தி வாற நாளிலை மட்டும் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெளிமுத்தத்திலை நடந்து காட்டுவம். முத்தத்திலை நல்லாய்த்தான் நடப்பம். அவவுக்கு விசர் வரும். இவ்வளவு வடிவாய் நடக்கிறியள், பிறகேன் போடுறியள் இல்லை எண்டு ஏசும்.

உங்கடை காயிதம் வந்தவுடனை சுகந்தி தன்ரை சங்கத்துக்குப் போயிருக்கு. மறுவாழ்வு வேலை செய்யிற ஆக்களுக்கு யாழ்ப்பாணத்திலை ஒரு சங்கம் இருக்கு, நடை பழக்கிறவை, கை கால் செய்யிறவை, பேச்சுப் பழக்கிறவை எல்லாரும் சேர்ந்தது. அதிலை பைரவி எண்டு ஒரு அம்மா தலைவி. அவ தங்கடை ஆளுக்காகச் சண்டை பிடிக்கத்தான் வாறா எண்டு நாங்கள் நினைச்சம். புளியங்கூடலிலை கோயில் மடத்திலை கூட்டம். எங்கடை பக்கத்திலை தீவுப்பகுதி மாற்றுவலுவுள்ளோர் சங்கம், தலைவர் அம்பலவாணர், அதுதான் உங்கடை சங்கத் தலைவர் தர்சனின்ரை தேப்பன், ஷெல்லடியிலை கால் போனவர். சங்கம் அங்கை ஒண்டு, இஞ்சை ரண்டு. நடக்கிற காலுக்குத்தான் பஞ்சம்.

அம்பலவாணர் பொன்னாடையும் கொண்டு வந்தவர். பைரவி அம்மா அதை வாங்கிக் கதிரையிலை வைச்சுப்போட்டு, முதல் விசயத்தைக் கதைப்பம், சுகந்தி எங்கடை அங்கத்தவர் எண்டதுக்காக மட்டும் நான் அவவுக்காக எழுத ஏலாது, கால் போடுறவை வாயைத் திறந்து சொல்ல வேணும் எண்டு சொன்னவ. ஆர் திறக்கிறது. எல்லாற்றை பிள்ளையளும் கனடாவிலை. அம்பலவாணர் எழும்பி, எல்லாரும் மிகச் சிறப்பாய் நடக்கினம், குறை ஒண்டுமில்லை எண்டு மேடைப்பேச்சு. அப்ப நீங்கள் ஒருக்கா நடந்து காட்டுங்கோ தலைவர் எண்டு நான் சொன்னனான். தன்ரை கால் வீட்டிலை பத்திரமாய்ப் பூட்டிக் கிடக்காம். திறப்பு தர்சனிட்டையோ எண்டு கேட்டனான். சனம் சிரிச்சுது, அவர் என்னைப் பாத்த பார்வையை இப்பவும் சுமந்துகொண்டு திரியிறன்.

அந்த நேரம்தான் நாகமுத்து அக்கா பிந்தி வந்தவ. சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டு போற நாகமுத்து, உனக்குத் தெரியும். கூட்டம் எண்டு தன்ரை பொய்க்காலைப் போட்டுக்கொண்டு வந்தவ. றோட்டாலை நடந்து வரேக்கை ஒரு குறையுமில்லை. மடத்து வாசலிலை சப்பாத்தைக் கழட்டி ஓரமாய் வைச்சுப்போட்டு, உள்ளை ரண்டு எட்டு வைச்சவ, அப்பிடியே பின்னாலை சரிஞ்சா. சுகந்தி பாய்ஞ்சு பிடிச்சிராட்டில் மண்டை போயிருக்கும். அம்பலவாணர், விரதக்காரி, சாப்பிடேல்லைப் போலை எண்டார். நாகமுத்து சுகந்தியின்ரை கையுக்கை கிடந்துகொண்டு, நான் புட்டுத் திண்டுபோட்டுத்தான் வந்தனான், வீட்டிலையும் இப்பிடித்தான் விழுறன் எண்டா. எனக்கும் அப்பிடித்தான் எண்டு நான் சொன்னன். பின்னாலை இருந்து இன்னொராள் எனக்கும் எண்டார். பைரவி அம்மாவும் சுகந்தியும் ஒராளை ஒராள் பாத்தினம், பிறகு வாசலைப் பாத்தினம். நாகமுத்துவின்ரை சப்பாத்து வாசலிலை எல்லாற்றை செருப்போடையும் வரிசையாய்க் கிடக்கு, பைரவி அம்மான்ரை செருப்பும் அதுக்கை கிடக்கு.

விசயம் இதுதான் மகள். நீங்கள் அனுப்பின பாதம் குதி உயர்ந்த சப்பாத்துக்கெண்டு செய்தது. சப்பாத்தோடை நிண்டால் நேராய் நிக்கும், கழட்டினால் குதி பதிஞ்சு ஆளைப் பின்னாலை தள்ளும். அதைச் செய்யிற நாட்டிலை சப்பாத்தை வீட்டுக்குள்ளையும் போட்டுக்கொண்டு திரியிறவையாம், இஞ்சை ஆர் சப்பாத்தோடை குசினிக்கையும் கோயிலுக்கையும் போறது. சுகந்தி வந்தால் முத்தத்தோடை நிப்பாட்டிக் கதிரை போடுறம், உள்ளை நாங்கள் வெறுங்காலோடை நடக்கிறதை அவ ஒரு நாளும் காணேல்லை. பைரவி அம்மாவும் மறைக்கேல்லை, யாழ்ப்பாணத்திலை பூட்டி அளவு பாத்தவை தங்கடை சங்கத்து ஆக்கள்தான், அவையும் சப்பாத்தைக் கழட்டச் சொல்லிப் பாக்கேல்லை எண்டு சபையிலை சொன்னவ. உள்ளுக்கை ஒரு ஆணியைத் திருப்பினால் கனபேற்றை காலைச் சரிக்கட்டலாமாம், மிச்சப் பேருக்கு வெறுங்காலுக்கெண்டு றப்பர்ப் பாதம் இஞ்சையே செய்யலாமாம். ஆனால் ஒவ்வொராளாய்க் கூட்டிக்கொண்டு போய், வீட்டுக்குள்ளை நடக்க வைச்சுப் பாத்து, திருப்பிக் கொண்டு போக வேணும். அதுக்குச் சுகந்தி வேணும். வேறை ஆர் இந்தத் தீவெல்லாம் சுத்துறது.

பிறகு பைரவி அம்மா, சுகந்தியை நிப்பாட்டக் கூடாது, மார்கழியிலை கனடாவிலை இருந்து வரக் கிடக்கிற பெட்டியிலை இதே பாதம் வேண்டாம் எண்டு ரண்டு சங்கமும் சேர்ந்து எழுதுவம், சம்மதமானவை கையைத் தூக்குங்கோ எண்டவ. உன்ரை சங்கத்துக்கு எதிராய் முதல் தூக்கினது நான்தான். தர்சன் உனக்குச் சொல்லுறதுக்கு முதல் நானே சொல்லிப்போடுறன். பிறகு நாகமுத்து, பிறகு மெல்ல மெல்ல மற்றவை. அம்பலவாணர் தூக்கேல்லை, பொன்னாடையை மடிச்சுக்கொண்டு இருந்தவர். அவற்றை மனிசி பின் வரிசையிலை இருந்து, இது அவற்றை கை எண்டு சொல்லிப்போட்டுத் தூக்கினவ. அதையும் கணக்கிலை எடுத்தாச்சு.

புதன்கிழமை சுகந்தி வந்தது. முத்தத்திலை கதிரை போடேல்லை, உள்ளை வா எண்டனான். அலுமாரிக்கையிருந்து காலை எடுத்துப் பூட்டி, வெறுங்காலோடை சுவரைப் பிடிச்சு நடந்து காட்டினனான். குந்தியிருந்து குதியைப் பாத்துக்கொண்டிருந்தது, ஏசேல்லை. பேந்து, ஐயா, மார்கழிக்குள்ளை எல்லாரையும் முடிக்க ஏலாது, தையிலை நான் வருவனோ தெரியாது, உங்கடையை முதல் செய்து விடட்டோ எண்டு கேட்டது. எனக்கு வாய் சும்மா கிடவாது. தையிலையும் வா, மாசியிலையும் வா, என்ரை மோள் சொல்லிப்போட்டா, நாகமுத்துவை முதல் கொண்டு போ, என்னைக் கடைசியாய் விடு எண்டு சொல்லிப்போட்டன். நீ அப்பிடிச் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை நிமிந்து பாத்தது, அப்ப ஐயாவுக்கு மாசியிலை எண்டு சொல்லிப்போட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நாகமுத்து வீட்டுப் பக்கம் போட்டுது.

நீயும் மருமகனும் பேத்தியும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசுக்கு இருக்க வேணும். பேத்தியைத் தமிழிலை கதைக்க விடு, நான் பகிடி விட ஒரு ஆள் வேணும். உங்கடை சங்கக் கூட்டம் வாற மாதம் முதல் ஞாயிறு எண்டு தர்சன் தேப்பனுக்குச் சொன்னவனாம், குளிர், வேலை எண்டு நிண்டிடாதை, போ. கூட்டம் முடிஞ்ச கையோடை எனக்குப் போன் எடுக்காதை, சுகந்திக்கு எடு.

உன்ரை அப்பா,
கனகசபை.