அப்டேட்டுக்கு மசியாத 412 கரைகள்

பெங்களூர்,
14.9.2009, திங்கள்

அன்புள்ள தெய்வநாயகிக்கு ஆசிகள். நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா?

புதுக் கணினிக்குள் பழைய கணினியைப் போல இயங்கும் வர்ச்சுவல் மெஷினில்தான் புடவைக் கரைகளை வரைந்துவந்தேன். 11.9.2009 பிற்பகல் 3.10-க்கு, எவரும் கேளாத அப்டேட் ஒன்று தானே இறங்கி அதை முடக்கிவிட்டது.

"புதுசா வரைஞ்சிக்கலாங்க, ஏன் பேஜார் பண்ணிகினு இருக்கீங்க?" என்றார் முதலாளி கிரண்.

"நானூத்திப் பன்னெண்டு கரைங்க. ஒண்ணக்கூட திரும்ப வரைய மாட்டேங்க" என்றேன்.

25-ஆம் தேதிக்குள் அந்த மெஷின் ஓடாவிட்டால் அதற்குள் இருக்கும் கரைகள் அனைத்தையும் அழித்துவிடுவாராம்.

நம் வீட்டு பீரோவில் 6.2.2007 என்று எழுதிய சிடியில் அந்த மெஷினை ஓட்டும் மென்பொருளின் பழைய பதிப்பு உள்ளது. உடனே கூரியரில் அனுப்பு. பூண்டு ஊறுகாயும், உன் கையெழுத்தில் நான்கு வரியும் சேர்த்து வை. மறுபடி அப்டேட் இறங்காதபடி இணைய வயரைப் பிடுங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன், முதலாளியே கேட்டாலும் தரமாட்டேன்.

அவசரமாக,
ஏகாம்பரம்