றிஸ்னாவுக்கு ஓர் இறுக்கச் சட்டை

2025 ஏப்ரல் 22
இன்று காலை பத்தரை மணிக்கு, நானே தைத்த சட்டைக்குள்ளிருந்து என்னைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். வெட்டியவள் மனைவி றாஹிலா. துணி எவ்வளவு இழுபடும் என்று பார்க்கத்தான் போட்டேன். இடுப்பு வரை வந்தது. பிறகு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

“கம்பியில தொங்கப்போறது மகளா, நீங்களா?”

கல்முனையில் இருபத்தேழு வருடம் பெண்களுக்குத் தொளதொளவென்று அபாயா தைத்தவனுக்கு இந்த நிலை.

ஏப்ரல் 23
மகள் றிஸ்னாவுக்குப் பதினாலு வயது. ஜிம்னாஸ்டிக்கில் மாவட்டம், மாகாணம் என்று ஏறிவிட்டாள். ஜூன் 14 கொழும்பில் தேசிய அணித் தெரிவு. ஆறு பேரைத்தான் எடுப்பார்கள். இதுவரை ட்ராக் சூட்டில் சமாளித்தாள், அங்கே அது செல்லாது. கால் தெரியும் சட்டையில் ஏறமாட்டாளாம். முழுக்க மூடலாம், ஆனால் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாமல் தைப்பதல்லவா என் தொழில்?

மே 9
இரண்டாவது சட்டை திரும்பி வந்தது. பயிற்சி கொடுக்கும் காரைதீவு யதுசா டீச்சர் முகத்தில் சிரிப்பே இல்லை.

“துணி கம்பியில சுத்துது. விழுந்தா கை முறியும்.”

“வளருற புள்ள டீச்சர். ரெண்டு அங்குலம் கூட விட்டன்.”

“ஜூனுக்குள்ள எவ்வளவு வளருவா?”

என் கை சும்மா தளர்த்தித் தளர்த்தியே வெட்டுகிறது. இதற்கு வைத்தியம் உண்டா?

மே 15
விடிய சுபஹ் தொழுகை முடிந்ததும் முதல் பஸ்ஸில் பயிற்சிக்குப் போகிறாள் றிஸ்னா. இன்று நானும் போனேன். ஒரே சுழற்சியை முப்பத்தொரு தடவை செய்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்து கிடக்கிறது.

“நோகுதா மகள்?”

“ஓம் வாப்பா. சட்டை எப்ப?”

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு அங்குலத்தையும் வெட்டிப் போட்டேன்.

ஜூன் 1
ஹஜ்ஜுப் பெருநாள் ஓடர் குவிந்திருக்கிறது. இறுக்கிப் பழகிய கை — வாடிக்கைக்காரி றுகையா லாத்தாவின் அபாயாவையும் இறுக்கிவிட்டேன். போட்டுக்கொண்டே கடைக்கு வந்து நின்றார்.

“என்னகா, நான் பெருநாளைக்குப் போறதா, குத்துக்கரணம் அடிக்கிறதா?”

ஜூன் 13
கொழும்பு பஸ். சட்டை என் மடியில். பையில் வைக்கச் சொன்னாள் றாஹிலா. வைக்கவில்லை.

ஜூன் 14
றிஸ்னா கம்பியைப் பிடித்தாள். சுற்றினாள். விட்டாள் — யா அல்லாஹ் — மற்றக் கம்பியைப் பிடித்தாள். துணி எங்கேயும் மாட்டவில்லை. இறங்கும்போது ஓரடி தடுமாறினாள், அவ்வளவுதான்.

ஐந்தாவது இடம். எடுத்துவிட்டார்கள். றாஹிலா என் சாரத்து நுனியை இழுத்து மூக்கைத் துடைத்தாள்.

ஜூன் 16
முன்கடை மிஹ்லாரிடம் மட்டும் சொன்னேன். அஸர் தொழுகைக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது: புள்ளை ஏறியது வாப்பாவின் தையலில். அடக்கமாகத் தலையாட்டினேன். ‘ஜிம்னாஸ்டிக் உடைகளும் தைக்கப்படும்’ என்று போர்டு எழுதவும் சொல்லிவிட்டேன்.

மாலை யதுசா டீச்சர், றிஸ்னா கம்பியில் சுற்றும் படம் அனுப்பியிருந்தார். பெரிதாக்கிக் கடையில் மாட்டப் போனேன். றிஸ்னா பக்கத்தில் வந்து நெளிந்தாள்.

“மாட்ட வேணாம் வாப்பா. தையல் குத்திச்சி. அண்டைக்கு உள்பக்கத்த வெளியாலதான் போட்டன்.”

பார்த்தேன். தோளிலிருந்து கணுக்கால் வரை தையல் எல்லாம் வெளியே.

அன்றைக்கு மூன்றாவது வரிசையில், கண்ணாடி போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.