பெரிய தெருவில் நிற்காத வண்டி

என் அன்பு வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பெரிய தெருவில் இட்லி வண்டி எதுவும் நிற்கக் கூடாது என்று பஞ்சாயத்தில் உத்தரவு போட்டுவிட்டார்கள். செருப்போடு நடந்தீர்கள் என்று உங்களைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்களே, அதே தெருதான்.

நேற்றுக் காலை அறுப்புக்குக் கிளம்பிய அம்சவல்லி அக்கா, "நிக்கத்தானே கூடாது? தள்ளுங்கடி!" என்றாள். அறுப்புக்காரிகள் எல்லோரும் கை வைத்தார்கள். நம் இட்லி வண்டி தேர் போல அசைந்து நகர்ந்தது. நடந்தபடியே நான் இட்லி வைக்க, நடந்தபடியே தின்றார்கள். தலையாரியும் கூடவே வந்தார். வண்டிதான் நிற்கவேயில்லையே, அவர் என்ன செய்வார்! கடைசியில் மிராசுதார் வீட்டு அம்மாவே தட்டோடு இறங்கி வந்து, "எனக்கும் ரெண்டு வை" என்று எங்களோடு நடந்தார்கள். நடந்தபடியே அவர்கள் தட்டிலும் ரெண்டு வைத்தேன்.

நம் வாசலுக்கு வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். என் காலில் செருப்பு இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் வண்டிக்காரி