டைட்டானியத்தில் விழுந்த அலை

9-9-91, திங்கள்
காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் வந்து படப்பைப் பக்கம் போய்விட்டது. டைட்டானியம் கம்பி கடைசல், ஆறாவது கம்பி. இதிலும் அலை அலையாகக் கோடு. நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. கடையும்போதே லேத் கீச்சென்று கத்துகிறது.

முதலாளி தடவிப் பார்த்துவிட்டு யார் தப்பு என்று கேட்டார். கடைகிற டூலைத் தீட்டியது சரியில்லை என்றேன். யோசிக்கவேயில்லை, வாய் முந்திக்கொண்டது. தீட்டுகிறவன் முனுசாமி. பக்கத்தில்தான் நின்றான். சாணைக்கல் பக்கம் திரும்பிப் போனான்.

நாலு மணி டீக்கு அவன் வரவில்லை. பன்னிரண்டு வருஷமாக ஒரு டீ, இரண்டு கிளாஸ், ஆளுக்குப் பாதி.

10, செவ்வாய்
முனுசாமியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சாணை மூலை காலி.
வாங்க: பிளேடு, மண்ணெண்ணெய், ஊறுகாய்.
என் சம்சாரம் எஸ்தர் இறந்து மூன்று வருஷம். அதற்குப் பிறகு இந்த ஊரில் நான் மனசு விட்டுப் பேசின ஒரே ஆள் அவன். அவனையும் நானே அனுப்பிவிட்டேன். நேற்றைய ரசம், சோறு. பாதி மிச்சம்.

12, வியாழன்
புது ஆள் தீட்டிய டூல். நல்ல கூர். அதே கீச்சு, அதே அலை. டூல் மேல் விரல் வைத்தேன், கிடுகிடுவென்று ஆடுகிறது. அதை இறுக்கும் பிடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு விரல் போதும். இரும்பு பொறுத்துக்கொள்ளும். டைட்டானியம் வளைந்துகொடுத்துத் திருப்பித் தள்ளும், டூலும் நீண்டிருந்தால் இரண்டும் சேர்ந்து ஆடும். புது ஆட்களுக்கு நானே சொல்கிற பாடம்.

ஏன் நீட்டினேன்? உள்ளே தள்ளினால் நுனி தெரியவில்லை. குனிந்தால் மங்கல், தள்ளி நின்றால் பிடிப்பு மறைக்கிறது. கண் போய்விட்டது. எனக்கே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வைத்திருக்கிறேன்.

உள்ளே தள்ளி, வேகம் குறைத்து, காதை நம்பி ஓட்டினேன். கீச்சு இல்லை. கம்பி வழவழ. அழுகை வந்தது, முகம் கழுவப் போனேன்.

13, வெள்ளி
முதலாளியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், கண்ணையும் சேர்த்து. கண்ணாடி போடும்வரை மெஷினைத் தொடாதே என்றார். முனுசாமியைத் திரும்பக் கூப்பிடச் சம்மதித்தார்.

15, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து சைக்கிளில் வடக்குப்பட்டு, முனுசாமி வீடு. தப்பு என்னுடையது என்றேன்.

"தெரியும்பா. மூணு மாசமா டூலை எம்மா நீளம் நீட்டி வச்சிக்கினு கீற. நான் பாக்கலையா?"

அப்புறம் ஏன் முதலாளியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உன்ன மெஷின்ல வுடுவாரா? நீ வூட்ல தனியா குந்திக்கினு இன்னா பண்ணுவ?"

திரும்பி வா என்றேன். கோபமெல்லாம் இல்லையாம். ஒரகடம் பக்கம் வேறு பட்டறையில் சேர்ந்துவிட்டானாம். வரமாட்டான். அவன் சம்சாரம் மீன் குழம்பு ஊற்றினாள். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

17, செவ்வாய்
லேசான தூறல். கண்ணாடி வந்தது, மூக்கை அழுத்துகிறது. மெஷினில் ஏறினேன். நாலு கம்பி, ஒன்றிலும் கோடு இல்லை. முதலாளிக்குச் சந்தோஷம்.

நாலு மணி. பழக்கத்தில் இரண்டு கிளாஸ் கேட்டுவிட்டேன். டீக்காரர் பிரித்து ஊற்றப் போனார். வேண்டாம், ஒன்றிலேயே ஊற்றுங்கள் என்றேன்.

பாதிதான் குடித்தேன்.